டெல்டாவில் நாயோடு நடக்க: ஆற்றங்கரை, வரப்பு, பூங்கா, கடற்கரைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கத்தில் நாயோடு நடப்பதற்கென்று யாரும் பாதை போட்டு வைக்கவில்லை. இருப்பதெல்லாம் ஆற்றங்கரை, வாய்க்கால் கரை, வரப்பு, களத்துக்குப் போகும் மண்சாலை, நகரத்தில் ஒன்றிரண்டு பூங்கா, கிழக்கே போனால் கடற்கரை. இந்த இடங்கள் எல்லாமே வேறு யாரோ வேலை பார்க்கும் இடங்கள். கரையில் ஆடு மேயும். படித்துறையில் திதி நடக்கும். சாலையில் நெல் காயும்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் தடுமாறுவதைக் கவனித்தால், பெரும்பாலும் நாயின் குணம் காரணமாக இருக்காது. வரிசை மாறியிருக்கும். ஊசி முடியும் முன்னே மண்ணில் விடுகிறார்கள். கூப்பிட்டால் வரப் பழக்கும் முன்னே கயிற்றை அவிழ்க்கிறார்கள். தானே ஒரு தடவையும் போய்ப் பார்க்காத வாய்க்கால் கரைக்கு நாயை இழுத்துப் போகிறார்கள். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொன்றும் அதற்கு முந்தையதை நம்பித்தான் நிற்கிறது.

1. முதலில் நாய் இல்லாமல் நடந்து பாருங்கள்

நாயோடு எந்த நேரத்தில் போகப் போகிறீர்களோ அதே நேரத்தில், அதே வழியில், தனியாக நடந்து பாருங்கள். காலை 6 மணிக்கு அமைதியாக இருக்கும் கரை, 8 மணிக்கு மாடு ஓட்டிப் போகிறவர்களாலும் பள்ளிக்கூட வேனாலும் நிறைந்துவிடும். மத்தியானம் பார்த்துவிட்டு வந்தால் காலை நிலவரம் தெரியாது.

பார்க்க வேண்டியவை இவை: தெருநாய்க் கூட்டம் எந்த முனையிலிருந்து எந்த முனை வரை உட்கார்ந்திருக்கிறது, வழியில் திரும்பி வர மாற்றுப் பாதை உண்டா, நிழல் எங்கே முடிகிறது, இரண்டு பக்கமும் தண்ணீராகி நடுவில் ஒற்றையடிப் பாதையாகக் குறுகும் இடம் எது. அந்தக் குறுகல்தான் முக்கியம். எதிரே ஆட்டு மந்தையோ டிராக்டரோ வந்தால் ஒதுங்க இடமில்லாத பாதை, ஆரம்பத்தில் உங்களுக்கான பாதை இல்லை.

வழியில் வயல் வேலை பார்க்கிறவர்களிடம் நின்று பேசுங்கள். "அண்ணே, காலையில நாயக் கூட்டிக்கிட்டு இந்தப் பக்கம் நடக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். "அந்த மேலக் கரையில எலி மருந்து வச்சிருக்கு தம்பி, இந்தப் பக்கமாவே போயிட்டு வந்துருங்க" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். எந்த வரைபடத்திலும் இந்தத் தகவல் கிடைக்காது. பிறகு ஒருநாள் நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினாலும், இன்னார் வீட்டு நாய் என்று அடையாளம் தெரிந்தவர்கள் அங்கே இருப்பார்கள்.

2. ஊசி, பூச்சி மருந்து, டாக்டர் நம்பர்

குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி, பிறகு 3, 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை தொடர் ஊசிகள், 3 மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு வாரம் கழியும் வரை பொதுத் தரையில் இறக்கக் கூடாது. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நோயுள்ள ஒரு நாய் எப்போதோ போய்விட்டுப் போன இடத்தை உங்கள் குட்டி இன்று மோந்தாலே போதும். அதுவரை வெளியே காட்ட ஆசையாக இருந்தால் தூக்கிக்கொண்டு நடங்கள்.

டெல்டாவில் எலிக்காய்ச்சல் தடுப்பூசியை விட்டுவிடக் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரில்தான் அந்தக் கிருமி இருக்கும். நம்முடைய வயல், வடிகால், சேறு எல்லாம் அதற்குத் தோதான இடம். பெரும்பாலான கூட்டு ஊசிகளில் இதுவும் சேர்ந்தே வரும், இருந்தாலும் டாக்டரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். இதன் காப்பு ஆண்டுதோறும் புதுப்பித்தால்தான் நிற்கும். இந்த நோய் நாயிடமிருந்து வீட்டில் இருப்பவர்களுக்கும் தொற்றும்.

உண்ணி மருந்தை மாதா மாதம் தேதி குறித்துக் கொடுங்கள் அல்லது தடவுங்கள். கரையோரப் புல்லில் ஆடு மாடு மேய்வதால் உண்ணி இல்லாத கரை கிடையாது.

வெளியே கிளம்பும் முன்பே கைபேசியில் மூன்று எண்கள் இருக்க வேண்டும்: பக்கத்து அரசு கால்நடை மருந்தகம், இரவிலும் எடுக்கும் ஒரு தனியார் டாக்டர், கால்நடை அவசர உதவிக்கான 1962. தஞ்சாவூர் மாவட்டத்தில் இருப்பவர்கள் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியின் சிகிச்சை வளாகத்துக்குப் போகும் வழியையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. டாக்டரிடம் ஒன்றை முன்கூட்டியே கேளுங்கள்: "பாம்புக்கடி மருந்து உங்களிடம் இருப்பு உண்டா?" கடித்த பிறகு மருந்து தேடி ஊர் ஊராக அலையும் நேரம் நாயிடம் இருக்காது.

3. கயிறும் பையும்

கழுத்துப்பட்டையில் பெயரும் உங்கள் கைபேசி எண்ணும் பொறித்த வில்லை மாட்டுங்கள். இழுப்பதற்கு மார்போடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸ். கயிறு தட்டையான நைலானில், 5 முதல் 6 அடி நீளம். இரும்புச் சங்கிலி வேண்டாம். திடீரென்று இழுத்தால் உங்கள் விரலைக் கிழிக்கும், நாயின் கழுத்தையும் வெட்டும். பொத்தானை அழுத்தினால் நீண்டுகொண்டே போகும் சுருள் கயிறும் கரைக்கு ஆகாது. நாய் 15 அடி தள்ளிச் சரிவில் இறங்கிய பிறகு உங்களால் எதுவும் செய்ய முடியாது.

பையில் ஒரு லிட்டர் தண்ணீர், சின்ன எவர்சில்வர் கிண்ணம், மலம் அள்ள உறைகள், முள் எடுக்கும் இடுக்கி, பழைய பருத்தித் துணி ஒன்று, கட்டுத்துணி, டார்ச். ஒரு குடை. மழைக்காலம் இல்லாவிட்டாலும் குடை வேண்டும், காரணம் 7-ஆம் படியில் வருகிறது. கண்டதையெல்லாம் வாயில் போடும் நாயாக இருந்தால், மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடும் கூடை வடிவ வாய்க்கூடு வாங்கி வீட்டிலேயே பழக்குங்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணி மூடி நடைக்கு உதவாது. நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைக் குறைத்துக்கொள்ளும்.

4. இரண்டு சொற்களை வீட்டு வாசலிலேயே பழக்குங்கள்

"வா", "விடு". இந்த இரண்டும் வேலை செய்யாத நாயைக் கரைக்குக் கூட்டிப் போகாதீர்கள். உட்கார், கை கொடு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"விடு" பழக்க, மூடிய கைக்குள் ஒரு துண்டு உணவை வையுங்கள். நாய் மோந்து, நக்கி, பிறாண்டி, கடைசியில் முகத்தைத் திருப்பும். அந்த நொடியில் "விடு" என்று சொல்லி, மற்றக் கையிலிருந்து வேறொரு துண்டைக் கொடுங்கள். மூடிய கையில் இருந்ததை ஒருபோதும் கொடுக்க வேண்டாம். விட்டுவிட்டால் வேறொன்று கிடைக்கும் என்பதைத்தான் அது கற்றுக்கொள்ள வேண்டும். கைக்குள் பழகியதும் தரையில் வைத்து, பிறகு கயிற்றில் நடக்கும்போது வழியில் போட்டுவைத்துப் பழக்குங்கள்.

"வா" என்று கூப்பிட்டு வந்த நாயைத் திட்டவோ அடிக்கவோ கூடாது, எவ்வளவு தாமதமாக வந்திருந்தாலும். வந்ததற்கு அடி கிடைத்தால் அடுத்த முறை வராது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் கரையில் தினமும் மீறப்படுவதும் இதுதான்.

5. தண்ணீர்க் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

வேறு ஊர்களில் எழுதப்பட்ட நாய் நடை ஆலோசனைகள் இங்கே பொருந்தாமல் போவது இந்த இடத்தில்தான். ஜூன் மாதத்தில் நீங்கள் நடக்கும் வாய்க்கால் கரையும் மார்ச்சில் நடக்கும் அதே கரையும் ஒரே இடமில்லை.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடப்படும். இருப்பைப் பொறுத்து இது முன்னே பின்னே போகும். 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள். திறந்த தண்ணீர் சில நாட்களில் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். ஆகவே செய்தியில் "மேட்டூர் திறப்பு" என்று கேட்ட அன்றே உங்கள் ஊர் வாய்க்காலுக்குள் நாயை இறக்குவதை நிறுத்திவிடுங்கள். வறண்டு கிடந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் வரும்போது குப்பை, முள், கண்ணாடி, செத்த பிராணி எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு வரும்.

திறந்த பிறகும் தண்ணீர் ஒரே அளவில் ஓடாது. ஒவ்வோர் ஆற்றுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில், நேற்று கணுக்கால் அளவு இருந்த வாய்க்கால் இன்று கரை தொடும். அதனால் கரையில் ஏறியதும் முதலில் தண்ணீரின் மட்டத்தைப் பார்க்கும் வழக்கம் வேண்டும். படித்துறையில் எத்தனை படி தெரிகிறது என்று எண்ணிவைத்துக்கொள்வது சுலபமான வழி.

மிக ஆபத்தான இடங்கள் மூன்று.

முதலாவது, ஷட்டர் உள்ள மதகும் தடுப்பணையும். மேலே தண்ணீர் அசையாமல் இருப்பதுபோல் தெரியும், அடியில் இழுப்பு இருக்கும். நீச்சல் தெரிந்த நாயையும் அது கீழே இழுத்துவிடும். மதகுக்கு மேல்புறமும் கீழ்புறமும் கயிற்றைக் குறுக்கிப் பிடித்து, நாயை உங்கள் மறுபக்கம் வைத்துக் கடந்துவிடுங்கள்.

இரண்டாவது, சிமெண்ட் கரை போட்ட வாய்க்கால். மண்கரையில் நகம் ஊன்றி நாய் ஏறிவிடும். பாசி பிடித்த சிமெண்ட் சரிவில் ஏற முடியாது, வழுக்கி வழுக்கிக் களைத்துப்போகும். விழுந்தால் நீங்கள் குதிக்காதீர்கள். ஹார்னஸ் கயிறு கையில் இருந்தால் கரையோடு நடந்தபடியே படிக்கட்டு வரும் இடம் வரை இழுத்துப் போகலாம். கயிறு ஏன் எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

மூன்றாவது, கொள்ளிட மணல். கோடையில் அகலமாக, வெறிச்சோடிக் கிடக்கும், நாய்க்கு ஓட ஆசையாக இருக்கும். மணல் எடுத்த பள்ளங்களில் தண்ணீர் தேங்கி, ஓரம் சரேலென்று ஆழமாகும். மேட்டூர் 120 அடி நிரம்பி உபரி நீர் திறந்தால் வெள்ளம் வருவது இந்த ஆற்றில்தான். கரையோர மக்களுக்கு எச்சரிக்கை என்று அறிவிப்பு வந்தால் அந்த வாரம் கொள்ளிடம் பக்கமே வேண்டாம்.

நாய்க்கு நீச்சல் பழக்க விரும்பினால் பிப்ரவரிக்கு மேல், ஓட்டம் இல்லாத, அடி மணல் தெரியும், உங்கள் முழங்கால் அளவுத் தண்ணீரில் மட்டும் பழக்குங்கள். பச்சையாகப் பாசி படர்ந்து நாற்றமடிக்கும் குட்டைத் தண்ணீரைக் குடிக்கவும் விடக் கூடாது.

6. நேரம்

காலை 5.30 முதல் 7 வரை. ஏப்ரல், மே மாதங்களில், முக்கியமாகக் கத்திரி வெயில் நாட்களில், 7 மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும். மாலை நடை அந்த மாதங்களில் தேவையில்லை. தார்ச்சாலை பகல் சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகும் வைத்திருக்கும். புறங்கையைச் சாலையில் 7 நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

டெல்டாவில் வெயிலைவிட ஏமாற்றுவது புழுக்கம். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் மூச்சு வாங்கினாலும் உடம்புச் சூடு இறங்காது. மேகமூட்டமாக இருக்கிறதே என்று மத்தியானம் கூட்டிப் போகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். நாக்கு கருஞ்சிவப்பாகத் தொங்குவது, எச்சில் கெட்டியாக வழிவது, தள்ளாடுவது ஆகியவை வெப்ப அதிர்ச்சியின் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், வயிறு, தொடை இடுக்கு, பாதம் முதல் உடம்பு முழுவதும் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி விட்டுவிடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைக்கும். தெளிந்ததுபோல் தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும், உள்ளுறுப்புப் பாதிப்பு பிறகுதான் வெளியே தெரியும்.

வயிறு நிறையச் சாப்பாடு போட்டுவிட்டு உடனே நடக்க விடாதீர்கள். நடைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

தேதிகளையும் பாருங்கள். ஆடிப்பெருக்கு அன்று எந்தப் படித்துறையிலும் நாய்க்கு இடமில்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசை, மாதா மாதம் வரும் அமாவாசைக் காலைகளில் திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறை, பூம்புகார் கடற்கரை போன்ற இடங்களில் முன்னோருக்குத் திதி கொடுப்பார்கள். ஐப்பசியில் மயிலாடுதுறை துலாக்கட்டத்தில் நீராடல். ஒருவர் கண்கலங்கி வைத்த பிண்டத்தில் உங்கள் நாய் வாய் வைத்தால் அதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. அந்த நாட்களில் மண்சாலைப் பக்கம் போங்கள்.

7. உங்கள் தெருவைக் கடப்பது

கரையைவிடச் சிரமமானது கரைக்குப் போகும் வரை உள்ள தெருக்கள்.

அதிகாலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டிருப்பார்கள். நாயைத் தெருவின் நடுவில் நடத்துங்கள், வாசலோரம் வேண்டாம். ஆண் நாய் கோலத்தின்மேல் காலைத் தூக்கினால், அந்தத் தெரு வழியே நீங்கள் மறுநாள் நிம்மதியாகப் போக முடியாது. கிளம்பியதும் உங்கள் வீட்டு ஓரத்திலேயே சிறுநீர் கழிக்க வைத்துவிட்டுப் புறப்படுவது நல்லது. மலத்தை அள்ளி எடுத்து வாருங்கள். வாய்க்காலில் எறிய வேண்டாம், அதே தண்ணீரில் கீழ்ப்பக்கம் குளிக்கிறார்கள்.

தெருநாய்களுக்கு எல்லைக் கணக்கு உண்டு. ஒவ்வொரு கூட்டமும் தன் முனை வரைதான் விரட்டும். எல்லை எங்கே முடிகிறது என்று முதல் படியிலேயே பார்த்து வைத்திருப்பீர்கள். தினமும் ஒரே நேரத்தில் போங்கள், அவைகளுக்கும் பழகிவிடும். அந்த நாய்களுக்குச் சோறு வைக்கும் ஒருவர் தெருவில் நிச்சயம் இருப்பார். "அக்கா, ஒரு வாரம் நாங்க போறப்ப கொஞ்சம் வாசல்ல நில்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். அவர் குரலுக்கு அவை அடங்கும்.

நெருங்கி வந்தால் ஓடாதீர்கள். உங்கள் நாய்க்கும் அவைகளுக்கும் நடுவில் நின்று, குடையை அவைகளை நோக்கிப் பட்டென்று விரியுங்கள். கல் எடுத்தால் அன்று ஓடும், அடுத்த நாளிலிருந்து உங்களைக் கண்டாலே குரைக்கும். பிஸ்கட் வீசுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அது கூட்டத்தைக் கூட்டும், பின்னாலேயே வர வைக்கும்.

கடி விழுந்தால், உங்களுக்கென்றாலும் நாய்க்கென்றாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவதுதான் முதல் வேலை. மஞ்சள், மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். உங்களுக்கு அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி. ஏற்கனவே தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும் கடிபட்டால் மீண்டும் ஊசி தேவை, அதை டாக்டர் முடிவு செய்வார்.

8. வயல் பக்கம்

டெல்டாவில் நாய்க்கு மிகவும் பிடிக்கும் இடமும், நாய்கள் அதிகம் அடிபடும் இடமும் இதுதான்.

வெறும் வயல் என்று நினைத்து இறங்காதீர்கள். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நிற்கும் பயிருக்குள் உளுந்தோ பயறோ தெளித்துவிடுவார்கள். அறுத்த பிறகு வைக்கோல் தாள் மட்டும் தெரியும், குனிந்து பார்த்தால் இடையிடையே முளை நிற்கும். தை, மாசியில் நகரத்திலிருந்து வருகிறவர்கள் தரிசு என்று நினைத்து நாயை ஓடவிடுவது இந்த உளுந்து வயலில்தான். அறுவடைக் காலத்தில் சாலையில் காயும் நெல்லும் அப்படித்தான். சுற்றிப் போங்கள், நெல்லின்மேல் நாயின் கால் படக் கூடாது. ஒருவரின் பருவ உழைப்பு அது.

வரப்பில் எலி வளை இருந்தால் அங்கே இரண்டு ஆபத்து. ஒன்று தஞ்சாவூர் கிட்டி. மூங்கிலை வில்லாக வளைத்து, உள்ளே இரை வைத்து வயலில் நட்டிருப்பார்கள். எலிக்காக வைத்ததில் நாய் மூக்கை நுழைத்தால் பட்டென்று அடிக்கும். வரிசையாகக் குச்சி நட்டிருக்கும் வயலைக் கண்டால் கயிற்றைக் குறுக்குங்கள்.

இன்னொன்று எலி மருந்து. சிங்க் பாஸ்பைடு கலந்த இரையைத் தின்றால் வயிற்று அமிலத்தோடு சேர்ந்து நச்சு வாயு உண்டாகும். வாயில் பூண்டு போன்ற நாற்றம், வாந்தி, நடுக்கம் வரும். சாப்பாடு, பால், முட்டை எதுவும் கொடுக்காதீர்கள். உணவு உள்ளே போனால் அமிலம் சுரந்து வாயு கூடும். வாந்தி எடுத்தால் அந்த வாயு உங்களுக்கும் ஆபத்து, காரின் கண்ணாடிகளைத் திறந்து வைத்துக் கொண்டுபோங்கள். கட்டியாக வரும் புரோமடியலோன் வகை வேறு. தின்ற அன்று ஒன்றும் தெரியாது, 3 முதல் 5 நாளில் ரத்தம் கசியத் தொடங்கும். தின்றதைப் பார்த்துவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் அன்றே போங்கள். மருந்து உறை கிடைத்தால் கையோடு எடுத்துப் போங்கள், எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டரால் சரியான சிகிச்சை கொடுக்க முடியும்.

தெளிப்பான் சத்தம் கேட்கும் வயல், நாற்றங்காலில் குருணை மருந்து போட்ட வயல் இரண்டையும் விட்டு விலகுங்கள். நாய் காலை நக்கும், மருந்து வாய்க்குள் போகும்.

பாம்பு. நெல் வயலில் எலி இருக்கும் வரை கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் இருக்கும், இரவில் கட்டு விரியன். முழங்கால் அளவுப் புல்லுக்குள் நாயின் மூக்கு போகாதபடி பாதையின் நடுவிலேயே நடத்துங்கள். இருட்டு விலகாத நேரத்தில் டார்ச் அவசியம். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு, ஏற்கனவே மருந்து இருப்பு கேட்டு வைத்த டாக்டரிடம் நேராகப் போங்கள். நச்சு முறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே இருப்பதால், பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை.

அறுவடை முடிந்தால் வாத்து மந்தையும், எருவுக்காக வயலில் மடக்கும் ஆட்டுக்கிடையும் வரும். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற வேட்டை ரத்தமுள்ள நாய்களுக்கு ஓடுகிற எதுவும் இரைதான். எவ்வளவு பழக்கியிருந்தாலும் அந்த மாதங்களில் அவிழ்த்துவிடாதீர்கள். நாய் கடிக்கவே வேண்டாம், விரட்டினாலே வாத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சாகும். கிடைக்குக் காவல் நாய்களும் இருக்கும், அவை தம் வேலையைச் செய்யும். தூரத்தில் மந்தை தெரிந்ததும் திரும்பிவிடுவதே முறை.

9. பூங்கா, ஏரி, கடற்கரை

பூங்காவுக்குள் நாயை விடுவார்களா என்பது அந்தந்த வாசலில்தான் தெரியும். தஞ்சாவூர் பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைப் பூங்கா ஆகட்டும், முக்கொம்பு, கல்லணைப் பூங்காக்கள் ஆகட்டும், முதலில் நாய் இல்லாமல் போய் அறிவிப்புப் பலகையைப் படித்து, காவலாளியிடம் கேளுங்கள். விடமாட்டார்கள் என்றால் வாக்குவாதம் வேண்டாம், குழந்தைகள் ஓடியாடும் இடம் அது. கோயில் வளாகம், தெப்பக்குளப் படிக்கட்டு பக்கம் கூட்டிப் போகவே வேண்டாம்.

வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கரைவெட்டி ஆகியவை பறவைகள் சரணாலயங்கள். கோடியக்கரையில் வெளிமான்கள் மேயும். இங்கெல்லாம் கயிற்றில் கட்டியும் நாயைக் கொண்டுபோகக் கூடாது. நாயைக் கண்ட நீர்ப்பறவைக் கூட்டம் மேய்வதை விட்டு எழும்பிவிடும், நாயின் நோய்கள் நரி போன்ற காட்டு விலங்குகளுக்கும் பரவும். ஊர்ப் பொது ஏரிகளிலும் வலசைப் பறவைகள் வரும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை கரையின் வெளிப்பக்கமாகவே நடங்கள்.

தரங்கம்பாடி, நாகப்பட்டினம், காரைக்கால் கடற்கரைகள் விடிகாலையில் நல்ல இடம். படகு கரையேறும் பகுதியை விட்டுத் தள்ளிப் போங்கள், அறுந்த வலையும் தூண்டில் முள்ளும் மணலில் கிடக்கும். ஒதுங்கிக் கிடக்கும் பேத்தை மீன் நாய்க்குக் கொடிய விஷம், "விடு" பழக்கியது இங்கே கைகொடுக்கும். உப்புத் தண்ணீரைக் குடித்தால் வாந்தி பேதியாகும், அதனால் அடிக்கடி நல்ல தண்ணீர் கொடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம். மணலைத் தோண்டும் நாயை அந்த மாதங்களில் கடற்கரைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

10. வீடு திரும்பியதும்

கதவைத் திறக்கும் முன் நாலு காலையும் கழுவித் துடையுங்கள். விரலிடுக்கில் நெருஞ்சி முள், சீமைக்கருவேல முள், புல் பூட்டை ஒட்டியிருக்கும். முள் உள்ளே போய்விட்டால் சீழ் வைத்த பிறகுதான் நொண்டும்.

உண்ணியைக் காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குளில், வாலடியில் தடவிப் பாருங்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மண்ணெண்ணெய் தடவுவது, பற்றவைத்த வத்தியால் சுடுவது வேண்டாம். தோல் வெந்துபோகும், உண்ணியும் கடித்த இடத்தில் இன்னும் கிருமியைக் கக்கும்.

நடை கூட்டுவதை நிதானமாகச் செய்யுங்கள். முதல் இரண்டு வாரம் 15, 20 நிமிடம், ஒரே வழி. நாய் கயிறு தளர நடக்கத் தொடங்கிய பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். புது வழி எடுக்கும்போதெல்லாம் முதல் படியிலிருந்து ஆரம்பியுங்கள், அதாவது நாய் வீட்டில் இருக்க நீங்கள் மட்டும்.

அடுத்த சில நாட்களில் சாப்பாட்டை ஒதுக்குவது, காய்ச்சல், ஈறு வெளுத்துப்போவது, மூக்கிலோ சிறுநீரிலோ ரத்தம், கண் மஞ்சளாவது ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால் டாக்டரிடம் போய், எந்த வயல், எந்த வாய்க்கால் பக்கம் எந்தத் தேதியில் நடந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலா, எலிக்காய்ச்சலா, எலி மருந்தா என்று எந்தப் பரிசோதனையை முதலில் எடுப்பது என்பதை டாக்டர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.